விடை சொல்லாமலிருக்கப் பழகும் பேராசிரியர்கள்

மாணவர்களே, ஒரு பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது.

தாளில் ஒரு வட்டம் வரையுங்கள். அது ஓர் எஃகுத் தொட்டியின் குறுக்குவெட்டு என்று வைத்துக்கொள்வோம். தொட்டிக்குள் ஹைட்ரஜன் வாயு இருக்கிறது. வெப்பநிலை 20 பாகை செல்சியஸ், அழுத்தம் 3 வளிமண்டலம். ஹைட்ரஜன் மூலக்கூறுகளைக் காட்ட, வட்டம் முழுவதும் பரவலாகப் புள்ளிகள் இடுங்கள். இப்போது அந்தத் தொட்டியை –20 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கிறோம். பக்கத்தில் இன்னொரு வட்டம் வரைந்து, குளிர்ந்த பிறகு அந்தப் புள்ளிகள் எப்படி இருக்கும் என்று காட்டுங்கள்.

வரைந்துவிட்டீர்களா? வரையாமல் கீழே போக வேண்டாம்.

உங்களில் சிலர் புள்ளிகளை வட்டத்தின் அடியில் குவித்திருப்பீர்கள். சிலர் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்க வைத்திருப்பீர்கள். குளிர்ந்தால் சுருங்கும் என்று கீழ்ப்படிவத்திலேயே படித்தோமே! ஆனால் சரியான படத்தில் இரண்டாவது வட்டமும் முதல் வட்டம் போலவேதான் இருக்கும். ஹைட்ரஜன் ஏறத்தாழ –253 பாகையில்தான் திரவமாகும். –20 பாகையில் அது இன்னும் வாயுதான். வாயு என்றால் தான் இருக்கும் கலத்தை முழுவதுமாக நிரப்பிக்கொள்ளும். மூலக்கூறுகள் மெதுவாக ஓடும், சுவரில் மோதும் வேகம் குறையும், அழுத்தம் இறங்கும். இடம் மட்டும் மாறாது.

அழுத்தம் எவ்வளவு இறங்கும் என்று கேட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? படிவம் 4 இயற்பியலில் வாயு விதிகளைப் படித்தவர்கள் உடனே கெல்வினுக்கு மாற்றி, 3-ஐ 253-ஆல் பெருக்கி 293-ஆல் வகுத்து, ஏறத்தாழ 2.6 வளிமண்டலம் என்று எழுதி முழுப் புள்ளி வாங்கியிருப்பீர்கள். கணக்கு சரி, படம் தவறு. ஒரே தொட்டி, ஒரே வாயு, ஒரே மாணவர்.

இந்தத் தொட்டிக் கேள்வி எனது கற்பனையன்று. 1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நுரன்பெர்ன், பிக்கரிங் என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதுபோன்ற படக் கேள்விகளையும் வழக்கமான கணக்குக் கேள்விகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கணக்கைச் செய்து முடித்தவர்களில் பலர் படத்தில் தடுமாறினார்கள். வேதியியல் கற்பிப்பவர்களிடையே இந்த முடிவு பெரும் பேச்சானது. அதுவரை, கணக்கு வந்தால் கருத்தும் வந்துவிட்டது என்றுதான் பேராசிரியர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பேராசிரியர்களைக் குறை சொல்லவும் முடியாது. பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் எப்படிக் கற்பிப்பது என்று தனியாகப் படிக்க வேண்டும். பயிற்றுப்பணிக்குப் போய், பின்வரிசையில் மேற்பார்வையாளர் உட்கார்ந்து குறிப்பெடுக்க, வெண்பலகைக்கு முன் வியர்த்து நிற்க வேண்டும். (எனது முதல் பயிற்றுப்பணிப் பாடத்தில் மார்க்கர் பேனாவின் மூடியைத் திறக்காமலேயே எழுதப் பார்த்தேன். அந்த வகுப்பு அதை இன்னும் மறந்திருக்காது.) பல்கலைக்கழக விரிவுரையாளரின் பாதை வேறு. அவர் ஆண்டுக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் உழைத்து முனைவர் பட்டம் பெறுகிறார். அந்தப் பட்டம் ஆய்வுக்கானது. பிறகு ஒரு நாள் 200 மாணவர்கள் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் அவரை நிறுத்திவிடுகிறார்கள். அவர் என்ன செய்வார்? தமக்கு எப்படிக் கற்பித்தார்களோ அப்படியே கற்பிப்பார். ஒருவர் பேச, மற்றவர்கள் எழுதுவார்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரியின் வேதியியல் ஆசிரியர்கள் 1994-ஆம் ஆண்டுவாக்கில் முதலாண்டுப் பாடத்தில் விரிவுரையை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். மாணவர்கள் மூவர் அல்லது நால்வராக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பயிற்சித்தாள். ஆசிரியர் மேசைக்கு மேசை நடந்தார். இந்த முறைதான் பிற்பாடு ‘போகில்’ என்று பெயர் பெற்றது. வழிகாட்டலோடு தேடிக் கற்பது என்பது அதன் சுருக்கமான பொருள். 2003-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதி கிடைத்ததும், மற்றக் கல்லூரிகளின் விரிவுரையாளர்களுக்கும் இதைப் பழக்கும் பயிற்சிப் பட்டறைகள் பெருகின.

அந்தப் பட்டறைகளில் எனக்குப் பிடித்த விஷயம், பேராசிரியர்களை முதலில் மாணவர்களாக உட்கார வைத்துவிடுவதுதான். தலை நரைத்தவர், ஆய்வுக் கட்டுரைகளாக எழுதிக் குவித்தவர், எல்லாரும் நான்கு நான்கு பேராக. ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒருவர் நேரத்தையும் ஒழுங்கையும் பார்த்துக்கொள்வார். ஒருவர் எழுதுவார். ஒருவர் குழுவின் விடையை மற்றவர்களுக்குச் சொல்வார். நான்காமவர் குழு எப்படி வேலை செய்கிறது, யார் பேசவே இல்லை என்று கவனிப்பார்.

பொறுப்புகளை வீணுக்குப் பிரிக்கவில்லை. குழுவேலை என்ற பெயரில் ஒருவர் செய்ய, மூவர் பார்த்து எழுதுவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். என்னைக் கேட்டால், அதைவிட நல்ல விரிவுரையே மேல்.

பயிற்சித்தாள் எப்படி இருக்கும்? ஒரு சின்ன மாதிரியை நானே எழுதிப் பார்க்கிறேன்.

முதல் அணு: 6 புரோட்டான், 6 நியூட்ரான், 6 எலெக்ட்ரான். பெயர் கார்பன்.
இரண்டாவது: 6 புரோட்டான், 8 நியூட்ரான், 6 எலெக்ட்ரான். இதற்கும் பெயர் கார்பன்.
மூன்றாவது: 7 புரோட்டான், 7 நியூட்ரான், 7 எலெக்ட்ரான். பெயர் நைட்ரஜன்.
நான்காவது: 8 புரோட்டான், 8 நியூட்ரான், 8 எலெக்ட்ரான். பெயர் ஆக்சிஜன்.
ஐந்தாவது: 8 புரோட்டான், 8 நியூட்ரான், 10 எலெக்ட்ரான். இதையும் ஆக்சிஜன் என்றே சொல்கிறோம், ஆனால் இதற்கு மின்னூட்டம் உண்டு.

கேள்விகள் படிப்படியாக வரும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் என்ன கிடைக்கிறது? இரண்டுக்கும் 14. அப்படியிருந்தும் பெயர் ஏன் வேறு? நான்காவதிலும் ஐந்தாவதிலும் எலெக்ட்ரான் எண்ணிக்கை வேறு. அப்படியிருந்தும் பெயர் ஏன் மாறவில்லை? ஆகவே ஓர் அணுவுக்குப் பெயர் வைப்பது மூன்று எண்களில் எது?

தாளில் எங்கேயும் ‘அணு எண் என்பது யாதெனில்’ என்று தொடங்கும் வாக்கியம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஐசோடோப்பு என்ற சொல்லும் இல்லை. முதல் இரண்டு வரிகளைப் பார்த்து, “ஒரே தனிமம்தான், ஆனால் நியூட்ரான் கூடக் குறைய இருக்கு” என்று குழுவில் யாராவது சொன்ன பிறகுதான் ஆசிரியர், “நீங்கள் சொன்னதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதுதான் ஐசோடோப்பு” என்பார். வழக்கமான வகுப்பில் முதலில் பெயர் வரும், பிறகு வரையறை, கடைசியில் எடுத்துக்காட்டு. இங்கே பொருள் முதலில், பெயர் கடைசியில். ராபர்ட் கார்ப்லஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1960-களில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்க அமைத்த கற்றல் சுழற்சிதான் இதற்கு அடிப்படை. முதலில் ஆராய்தல், பிறகு கருத்தை உருவாக்குதல், பிறகு வேறிடத்தில் பயன்படுத்துதல். சிறுபிள்ளைகளுக்கென்று பிறந்த முறையைப் பேராசிரியர்கள் வந்து கற்றுக்கொள்கிறார்கள்.

பேராசிரியர்களுக்கு விடை தெரியும். அணு எண் அவர்களுக்குப் புதிதில்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது கேள்விகளின் வரிசையை. எந்தக் கேள்விக்குப் பிறகு எந்தக் கேள்வி வந்தால், யாரும் சொல்லாமலேயே மாணவருக்கு விஷயம் பிடிபடும்? அப்படி ஒரு தாளை எழுதுவது ஒரு மணிநேர விரிவுரையைத் தயாரிப்பதைவிடக் கடினம். நான் ஒன்றிரண்டு எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இருந்தாலும் அதைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. ஒரு குழு கையைத் தூக்கி, “இது சரியா?” என்று கேட்கும்போது, சரி என்றோ தவறு என்றோ சொல்லாமலிருப்பது. அதற்குப் பதிலாக, “எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். 20 ஆண்டுகளாக விடை சொல்லியே சம்பளம் வாங்கியவருக்கு இது எவ்வளவு சிரமம் என்று நினைத்துப் பாருங்கள்.

காத்திருப்பது என்று சொன்னேன் அல்லவா? அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அதற்குள் விடை வராவிட்டால் வேறொருவரைக் கேட்பார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுவார்கள். அதை 3 விநாடி அல்லது அதற்கு மேலாக நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, தாமாகப் பேசுபவர்கள் கூடினார்கள், “தெரியாது” என்பது குறைந்தது. இதை 1970-களில் அவர் எழுதினார். இதைப் படித்த மறுநாள் எனது வகுப்பில் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். இரண்டு எண்ணுவதற்குள் எனது வாய் தானாகத் திறந்துகொண்டது. மூன்றுவரை போக எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

இத்தனை பாடுபட்டு மாணவருக்கு என்ன இலாபம்? 2014-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகப் பார்த்தார்கள். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றிருந்தார்கள். மாணவர்கள் செயல்பட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காட்டினர். அதாவது 100 பேர் படிக்கும் வகுப்பில் 12 பேர் கூடுதலாகத் தேறுகிறார்கள். அந்த 12 பேரில் ஒருவர் நீங்களாகவோ உங்கள் தங்கையாகவோ இருந்தால், அது சிறிய எண்ணிக்கையா?

இவ்வளவு நல்ல முறை ஏன் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். பட்டறைக்குப் போய் வந்தால் போதாது என்பதுதான் காரணம். 2011-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இப்படிப் பயிற்சி பெற்ற உயிரியல் விரிவுரையாளர்களின் வகுப்புகளைக் காணொளியில் பதிவுசெய்து பார்த்தது. கற்பிக்கும் முறையை மாற்றிவிட்டோம் என்றுதான் அவர்களில் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். காணொளியிலோ, 75 விழுக்காட்டினர் இன்னமும் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. மனம் மாறிவிட்டது, கையும் வாயும் மாறவில்லை. நீச்சலைப் பற்றிய பட்டறைக்குப் போய் வந்தவரை உடனே ஆழத்தில் இறக்கிவிட்டால் அவர் கரையைத்தானே பிடிப்பார்?

பழைய வழிக்கு அவர்களைத் திருப்பும் காரணங்கள் பல. பாடத்திட்டம் நீளம், நேரம் குறைவு. மண்டபத்தில் நாற்காலிகள் தரையோடு ஆணியடித்திருக்கும், திரும்பி உட்கார்ந்து பேச முடியாது. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் இந்தக் கட்டுரையை உங்களுக்காக நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அவர்களைப் பின்னுக்கு இழுப்பவர்களில் மாணவர்களும் உண்டு.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு எனது பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. உட்கார்ந்ததும் புலம்பத் தொடங்கினாள். “டீச்சர், எங்க லெக்சரர் ஒன்னுமே சொல்லித் தர மாட்றாங்க. பேப்பரக் குடுத்துட்டு எங்களையே பேசிக்கச் சொல்றாங்க. கேட்டா, திருப்பி எங்களையே கேள்வி கேக்குறாங்க. இதுக்கா ஃபீஸ் கட்டுறோம்?” எனக்கும் முதலில் பாவமாகத்தான் இருந்தது. சரி, கடைசியாக என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். சிறிது அமிலம் கலந்தாலும் பிஎச் மதிப்பு அவ்வளவாக மாறாத கரைசல்களைப் பற்றி என்றாள். நமது இரத்தம் அப்படிப்பட்டதுதான் என்று தொடங்கியவள், கால் மணிநேரம் நிறுத்தவில்லை. தாள் கேட்டு வாங்கிப் படம் வரைந்தாள். எனது கணவர் ஒரு கேள்வி கேட்டார். அவர் கணக்காளர், அமிலத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவருக்கும் புரியும்படி சொன்னாள். யாரும் சொல்லித் தராத பாடம் உனக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. தட்டில் முறுக்கு தீர்ந்திருந்தது, எழுந்து போனேன்.

அவளுடைய புலம்பல் புதிதில்லை. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்பு ஒன்றில் இதைச் சோதித்தார்கள். மாணவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நன்கு தயாரித்த விரிவுரை, மற்றதற்கு அதே பாடத்தைக் குழுவாகச் செய்து கற்கும் வகுப்பு. அடுத்த பாடத்துக்குப் பிரிவுகளை மாற்றிப்போட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரே குறிப்புகள், ஒரே சோதனை. எவ்வளவு கற்றுக்கொண்டோம் என்று மாணவர்களையும் கேட்டார்கள். விரிவுரை கேட்டவர்கள், நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். செய்து கற்றவர்கள், குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சோதனைப் புள்ளிகளோ நேர்மாறாக இருந்தன.

ஏன் இப்படி? தெளிவாகப் பேசும் ஒருவரைக் கேட்கும்போது எல்லாம் எளிதாக இருக்கும். அந்த எளிமை பேசுபவருடையது. கேட்பவர் அதைத் தம்முடையது என்று எண்ணிக்கொள்கிறார். தாமே யோசிக்கும்போது தடுக்கும், குழம்பும், நண்பரோடு வாக்குவாதம் வரும். அந்தச் சிரமத்தை, ‘எனக்கு ஒன்றும் ஏறவில்லை’ என்று மனம் எழுதிவைத்துக்கொள்கிறது. இரண்டு பேர் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவருக்கும், கையைச் சுட்டுக்கொண்டு சமைத்தவருக்கும் உள்ள வித்தியாசம்தான். மறுநாள் அடுப்பு முன் நிற்கும்போது யாருக்குச் சமையல் வரும்?

பருவ முடிவில் மாணவர்கள் விரிவுரையாளரை மதிப்பிட்டுப் படிவம் நிரப்புவது பல பல்கலைக்கழகங்களில் வழக்கம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் பட்டறையில் கற்றதைத் துணிந்து செய்கிறார். மாணவர்கள், ‘இவர் கற்பிக்கவே இல்லை’ என்று எழுதுகிறார்கள். அவருடைய பதவி உறுதி அந்தத் தாள்களையும் பொறுத்தது என்றால், அடுத்த பருவம் அவர் என்ன செய்வார்? ஆகவேதான் ஹார்வர்டு ஆய்வாளர்கள், பருவத் தொடக்கத்திலேயே இதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். கடினமாக இருக்கும், குறைவாகக் கற்பதுபோல் தோன்றும், அந்தத் தோற்றத்தை நம்ப வேண்டாம் என்று.

உங்களில் பலர் இன்னும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஆறாம் படிவத்துக்கோ மெட்ரிகுலேஷனுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போவீர்கள். அங்கே இப்படி ஒருவர் தாளைக் கொடுத்துவிட்டு மேசைக்கு மேசை நடந்தால், மதிப்பீட்டுப் படிவத்தில் என்ன எழுதுவீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். எழுதுவதற்கு முன், அன்றைய பாடத்தை வீட்டில் அமிலத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத யாரிடமாவது ஐந்து நிமிடம் சொல்லிப் பாருங்கள். விளக்கம் வேண்டியபோது கேட்கவும் தயங்க வேண்டாம். நாமே மோதிப் பார்த்த பிறகு கேட்கும் விளக்கம் நன்றாக உள்ளே போகும்.

தாளை இன்னும் கீழே வைக்கவில்லையே? நல்லது. அடுப்பில் கெண்டி, நீர் தளதளவென்று கொதிக்கிறது. அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைகின்றன. பத்து நிமிடமாகக் கொதித்தும் நிற்கவில்லை. ஒரு குமிழியைப் பெரிதாக வரைந்து, அதற்குள் என்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்று வரையுங்கள். காற்றா? ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனித்தனியாகவா? வேறெதுவுமா? உங்கள் படத்தை நண்பரின் படத்தோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், ஏன் அப்படி வரைந்தீர்கள் என்று ஒருவருக்கொருவர் கேளுங்கள்.

விடையை நான் இங்கே எழுதப்போவதில்லை. மூன்றுவரை எண்ணிவிட்டேன்.